பின்பக்க ஃபேன்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை ஒன்பது இருபதுக்கு இவர் கம்ப்யூட்டரைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. ஒரே ஒரு தடவை 'பீப்' என்றது. அந்த ஒரு சத்தம்தான் வர வேண்டுமாம். இரண்டு மூன்று வந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நான் பஞ்ச நமஸ்காரம் சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அது கரண்ட்டுல ஓடுது பிரபா, மந்திரத்துல இல்ல" என்று சிரித்தார்.

"அதுக்காகச் சொல்லல, உங்களுக்காகச் சொன்னேன்" என்றேன்.

விவரத்தை எழுதி வைக்கிறேன். இங்கே வந்தவாசியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறு பழைய கம்ப்யூட்டர்கள் ஒட்டடை பிடித்துக் கிடந்தன. தலைமையாசிரியை கோமளவல்லி டீச்சருக்கு அவற்றைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. யாரோ இவர் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். இவர் இரண்டு பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்றில் நல்லதாக இருந்ததை எல்லாம் கழற்றி இன்னொன்றில் வைத்து, ராம் என்கிற சின்னப் பட்டையை மட்டும் சென்னையிலிருந்து வரவழைத்து, இரண்டை ஒன்றாகப் பண்ணியிருக்கிறார். ராம் வருவதற்கு ஒன்பது நாள் ஆனது. அதுவரை பெட்டி ஜன்னலோரம் சும்மா இருந்தது.

டீச்சர் சொன்னது இதுதான்: "ஒரு மாசம் உங்க வீட்டிலேயே ஓடட்டும் சார். செப்டம்பர் இருபது நானே வந்து பார்க்கறேன். நிக்காம ஓடினா மீதி நாலையும் நீங்களே பண்ணிக் குடுங்க."

இவர் வேலை பார்த்த டி.வி. சர்வீஸ் கடையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒருத்தரும் ஒரு பொருளை இவர் கையில் கொடுத்து 'என்னன்னு பாருங்க' என்று கேட்டதில்லை. காலையில் குளித்து, சட்டையை மாட்டி, பேனாவைப் பையில் செருகி, எங்கேயும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அதை இரண்டு வருஷம் பார்த்தவள் நான். இந்தப் பெட்டி வந்ததிலிருந்து ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிடுகிறார்.

பதினொன்று ஐந்துக்குக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திரை கறுத்துவிட்டது. அரை மணி கழித்துப் போட்டதும் ஓடியது. "முதல் நாள்தானே" என்றார்.

ஆகஸ்ட் 21, புதன்

10.40க்கு நின்றது. 2.15க்கும் நின்றது.

கம்ப்யூட்டருக்கென்று தனி நோட்டுப் போட்டேன். பால் கணக்கு மாதிரியே கட்டம் கட்டினேன். தேதி, போட்ட நேரம், நின்ற நேரம், அப்போது வீட்டில் என்ன நடந்தது. மிக்ஸி ஓடியதா, மோட்டார் ஓடியதா, வெயில் எப்படி என்று எல்லாம். இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "எங்க கடையில இப்படி ஒருத்தர் இருந்திருந்தா பாதி ரிப்பேர் தானே சரியாயிருக்கும்" என்றார். அந்த நோட்டு எல்லாரும் பார்க்க. இந்த டைரி எனக்கு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஜினாலயம் போய்த் தீர்த்தங்கரரைக் கும்பிட்டு வந்து வீடு பெருக்கினேன். இரண்டு வாரமாக ஜன்னல் வழியே ஒரு குளவி போவதும் வருவதுமாக இருந்தது, பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு. எங்கே கட்டுகிறது என்று தெரியாமல் இருந்தது. இன்று தெரிந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால், எஸ்.எம்.பி.எஸ். என்கிற தகரப் பெட்டியின் ஃபேனில். (வீட்டுக் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்குத் தகுந்த மாதிரி குறைத்துக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். அது சூடாகாமல் இருக்க அந்த ஃபேன்.) கம்பி வலைக்கும் இறக்கைக்கும் நடுவே மூன்று மண் அறை. வாயை மூடிப் பூசியிருந்தது. உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம்.

நான் தொடவில்லை. உயிர் இருக்கிற கூடு.

எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி கறிவேப்பிலை கேட்டு வந்தபோது எட்டிப் பார்த்தாள். "அடி பிரபா, குளவி கட்டிக்கினு கீது! வீட்டுல தொட்டில் ஆடப்போவுது பாரு, நான் சொல்றேன்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் அறுபதை நெருங்குகிறவள் என்று சொல்லிச் சிரித்தேன்.

மாலை மகள் மதியிடம் போனில் பேசினேன். ஓசூரில் நல்ல மழையாம். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "பார்க்கலாம்னு சொல்லியிருக்காரும்மா" என்றாள். கல்யாணம் ஆகி ஏழு வருஷம் முடிகிறது.

ஆகஸ்ட் 24, சனி

மூன்று தடவை நின்றது. மத்தியானத்தில்தான் அதிகம்.

இவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடதுக்குத் தீபாவளி கழித்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சின்ன எழுத்து, இருட்டு மூலை எல்லாம் என் கண்தான். போர்டில் இருக்கிற நம்பரை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்து நான்தான் படித்துச் சொல்கிறேன். எட்டாவதோடு நின்ற எனக்கு, மதி பள்ளிக்கூடம் போனபோது அவளோடு உட்கார்ந்து படித்த இங்கிலீஷ் இப்போது உதவுகிறது.

"பிரபா, பின்பக்க ஃபேன் சுத்துதா பாரு" என்றார். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பதில் சொன்னேன். "அப்ப சூடு இல்ல, வேற என்னமோ" என்று மூடியைத் திறந்தார்.

அரிசி அப்பளம் காயப்போட்டேன். காக்கை எடுத்தது போக நாற்பத்தொன்று.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்று ராம் பட்டையைக் கழற்றி, மதியின் பழைய பென்சில் டப்பாவில் இருந்த ரப்பரால் அதன் மஞ்சள் பல்லை எல்லாம் தேய்த்தார். மூக்குத்தியைத் துடைக்கிற மாதிரி தேய்க்கிறார். "இதுல அழுக்குப் பிடிச்சா புத்தி கலங்கிடும்" என்றார். திரும்ப மாட்டிப் போட்டதும் ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஓடியது. இவர் முகத்தைப் பார்க்கணுமே. சாயங்காலச் சாப்பாட்டுக்குச் சேவை பண்ணினேன், பொழுது சாய்வதற்கு முன் ஐந்தரைக்குள் சாப்பிட்டு முடித்தோம்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அறையில் இருட்டாகத் தெரிந்தது. திரை நின்றிருந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இதுவரை மாற்றியது: ராம் சுத்தம், உள்ளே பட்டன் மாதிரி இருக்கிற பேட்டரி, இரண்டு ஒயர். இன்று பெரிய சில்லுக்கு மேலே தடவுகிற வெள்ளைப் பசை. பழைய பசை காய்ந்த விபூதி மாதிரி உதிர்ந்தது.

தூசு ஊதுகிற மெஷினை எடுத்து "பின்பக்கமும் ஒரு ஊது ஊதிடறேன்" என்றார். "நீங்க குனிஞ்சா தலை சுத்தும், நான் பண்றேன்" என்று வாங்கிக்கொண்டேன். நன்றாகப் பண்ணினேன். பண்ண வேண்டிய இடத்தை எல்லாம் பண்ணினேன்.

இரண்டு தடவை நின்றது.

செப்டம்பர் 1, ஞாயிறு

சும்மா ஓடவிட்டால் தெரியாது, யாராவது வேலை செய்துகொண்டே இருக்கணும் என்று என்னைத் தட்டச்சு பண்ணச் சொன்னார். அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்த ஸ்தோத்திரங்களை அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. பதினோரு பாட்டு முடித்தேன். பன்னிரண்டாவதில் திரை கறுத்தது. பதினொன்றும் போய்விட்டது.

"சேமிச்சியா?" என்றார்.

"எங்க சேமிக்கணும்?"

இரண்டு பேரும் சிரித்தோம். இவர் கொஞ்சம் முன்னாலேயே சிரிப்பை நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நின்றது நான்கு தடவை. நாற்பது நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. வெயில் கொளுத்துகிறது.

நான் கிணற்றடியில் இருந்தேன். குடிதண்ணீர் வடிகட்டிய துணியை, அதில் தங்கின சின்ன உயிர் பிழைக்கட்டும் என்று மறுபடி கிணற்றிலேயே அலசிவிட்டு வந்து பார்த்தால் இவர் பெட்டிக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளங்கையை விரித்து. ரொம்ப நேரம். பிறகு இடது கையை வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் எடுத்துவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

அப்புறம் அடுக்களைக்கு வந்து வெந்நீர் கேட்டார். ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் ஒன்றில் பச்சைத் தண்ணீரும் வைத்து மாற்றி மாற்றி விரலை விட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார்.

செப்டம்பர் 5, வியாழன்

டாக்டரிடம் போய்விட்டு வந்தார். கண்ணுக்கு என்று நினைத்தேன். சர்க்கரை நூற்று முப்பத்தெட்டு, பரவாயில்லையாம். கையில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தாராம்.

"கைக்கு என்னங்க?"

"ஏதோ மரத்துப் போற மாதிரி. நரம்பா இருக்கலாம்னு ஒரு மாத்திரை எழுதியிருக்கார்."

மாத்திரை காலை ஒன்று. இன்னொரு டப்பாவில் எடுத்து வைத்தேன். இட்லிக்கு ஊறப்போட்டேன். கூடு அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

தசலட்சண பர்வம் ஆரம்பம். பத்து நாள், பத்துத் தர்மம். இன்று பொறுமை. காலை அபிஷேகத்துக்குப் போனோம். நான் பத்து நாளும் ஒருவேளைதான். இவர் மாத்திரை சாப்பிடுவதால் இரண்டு வேளை.

கம்ப்யூட்டரைப் போடவில்லை. "இன்னைக்கு வேண்டாம்" என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்றும் போடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 10, செவ்வாய்



இன்று ஆர்ஜவம். நேர்மை. கோயிலில் உபாத்தியாயர் சொன்னார், நெஞ்சில் இருக்கிறதும் வாயில் வருகிறதும் கை செய்கிறதும் ஒரே நூலில் இருக்கணும், ஒன்று விலகினாலும் நூல் கோணல்தான் என்று. நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சாயக்கூடாது என்று நிமிர்ந்துகொண்டேன்.

மத்தியானம் காலண்டரைப் பார்த்தார். கம்ப்யூட்டரை எடுத்தார், போட்டார். இருபத்தெட்டு நிமிஷத்தில் நின்றது. நான் நோட்டில் எழுதினேன். முதல் நாளிலிருந்து எண்ணினால் இருபத்தாறாவது.

இவர் பெட்டிக்குத் துணி போட்டு மூடினார். "டீச்சருக்குப் போன் பண்ணிடறேன் பிரபா. வேற ஆளை வச்சுப் பார்த்துக்கச் சொல்றேன்" என்றார்.

"இன்னும் பத்து நாள் இருக்குதே."

"பத்து நாள்ல என்ன ஆவப்போவுது? கண்ணு போச்சு, சரி, நீ இருக்கேன்னு ஓட்டினேன். கையும் போச்சுன்னா நான் என்னத்தை வச்சு ரிப்பேர் பாக்கறது?" வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மளிகைச் சாமான் தீர்ந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். "பின்னாடி கையை வச்சா காத்து வரணும். ஃபேன் சுத்துதுன்னு நீ பார்த்துச் சொல்றே. என் கைக்குக் காத்தே தெரியல. முப்பது வருஷம் கையாலதான் தொழில் பண்ணேன். சூடு எது, அதிர்வு எதுன்னு கைதான் சொல்லும். அது செத்துப்போச்சு."

போனை எடுத்துக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி என் பக்கத்தில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

"என்னங்க, பின்பக்க ஃபேன் சுத்தல."

"இப்பவா?"

"முதல் நாள்லேர்ந்தே."

"நான் கேட்டப்ப..."

"பொய் சொன்னேன். அதுல குளவிக்கூடு இருக்குது."

இவர் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லா இருக்குதுங்க."

"காத்து வரல. அதனாலதான் தெரியல."

"ஆமாங்க."

வெளியே போய் நின்றார். வெகுநேரம் நின்றார். நான் சாயங்காலச் சாப்பாட்டை எடுத்து வைத்து ஐந்தரைக்குக் கூப்பிட்டேன், ஆறுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிடுவதில்லை. இனி காலை வரை இவருக்குப் பட்டினிதான். எனக்கு விரதம், இவருக்கு என்ன தலையெழுத்து. சாதத்தை மூடி வைத்தேன்.

விளக்கேற்றிய பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். "குளவி செத்துடும்னா சொல்லல?"

"அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன்."

"பின்ன?"

"மதிக்காக. குளவி கூடு கட்டினா வீட்டுல குழந்தை வரும்னு கிருஷ்ணவேணி சொன்னா. அவ சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு அது தெரியும். பார்த்த அன்னைக்கே நினைச்சுட்டேன்."

தர்மத்தின் பேரைச் சொல்லி என் ஆசையை மூடி வைத்தேன் என்று இங்கே எழுதுகிறேன். இதுவரை இந்த டைரியிலும் எழுதவில்லை. 24ஆம் தேதி 'பதில் சொன்னேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன், இப்போது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

இவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கிருஷ்ணவேணி வீட்டு மோட்டார் ரூம்ல வருஷா வருஷம் குளவி கட்டுது. அவ புள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா என்று அடக்கினேன். பசியில் இவர் வயிறு சத்தம் போட்டது. அதற்கு இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அப்புறம் நான் அழுதேன். இவர் அழவில்லை, ஆனால் கையை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 11, புதன்

சூரியன் வந்ததும் முதல் வேலையாக இவருக்கு இட்லி. எட்டு சாப்பிட்டார்.

அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். ஒயரைப் பிடுங்கி அரை மணி ஆறவிட்டார். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கரண்ட் தங்கியிருக்குமாம், அது தெரியாமல் கை வைத்தால் தூக்கிப் போட்டுவிடுமாம். பிறகு தகரப் பெட்டியைத் தனியாக எடுத்து மூடியைத் திறந்தார்.

"இங்க வா. ஃபேன் தனியா வரும், தெரியுமா? நாலே ஸ்க்ரூ."

எனக்குத் தெரியாது. பெட்டியைத் தொட்டாலே கூடு உடைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வலையும் ஃபேனும் ஒன்றாகவே கழன்று வந்தன, கூட்டோடு. ஒரு மண்துகள்கூட உதிரவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பத்து நிமிஷத்துல எடுத்திருப்பேன். குளவிக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது, இதுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"உங்களுக்கும்" என்றேன்.

 பள்ளியிலிருந்து வந்த இன்னொரு பெட்டியின் ஃபேனை இதில் வைத்தார். இரண்டு ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கணும். நான் டார்ச் பிடித்தேன். என் கைதான் ஆடியது. "விளக்கை ஆட்டாதே" என்றார். இவர் கை ஒரு நூல் ஆடவில்லை. ஈயம் உருகிப் பளிச்சென்று ஒரு துளி நின்றது.

பழைய ஃபேனைத் தாமிரக் கம்பியால் ஜன்னல் கம்பியில் கட்டினார், மழை படாத பக்கமாக.

பதினொன்றுக்குப் போட்டார். ஐந்து வரை ஓடியது.

செப்டம்பர் 12, வியாழன்

நிற்கவில்லை.

நரம்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினார்.

செப்டம்பர் 13, வெள்ளி

நிற்கவில்லை. ஸ்தோத்திரம் எட்டு அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் சேமித்தேன்.

இவர் என்னிடம் சாதாரணமாகத்தான் பேசுகிறார். ஆனால் நேற்று நான் போர்டில் ஒரு நம்பரைப் படித்துச் சொன்னதும், கண்ணாடியை மாற்றிப் போட்டு அவரே ஒருதரம் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 16, திங்கள்

நிற்கவில்லை. கூட்டில் இரண்டு அறையில் துளை. குளவிகள் போய்விட்டன, எப்போது என்று பார்க்கவில்லை. கிருஷ்ணவேணி நல்ல சகுனம் என்றாள். நான் கறிவேப்பிலை பறித்துக் கொடுத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 18, புதன்

பர்வம் முடிந்தது. இன்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிற நாள். காலையில் முதலில் இவரிடம் கேட்டேன். வருஷா வருஷம் கேட்பதுதான், 'தெரிஞ்சும் தெரியாமலும்' என்று சொல்வோம். இந்த வருஷம் 'தெரிஞ்சே' என்று சொன்னேன். "சரி சரி, நானும் ஒருநாள் சாப்பிடாம உன்னைப் படுத்தினேன்" என்றார்.

பிறகு மதிக்குப் போன் பண்ணினேன். குளவிக் கதையை முழுசும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்மா" என்றாள். "நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆடி மாசத்திலேயே நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறதை நிறுத்திட்டோம்."

"டாக்டர் பார்க்கலாம்னு சொன்னார்னு..."

"நீ ஒவ்வொரு தடவையும் டாக்டர் என்ன சொன்னார்னு கேப்பே. போகாத டாக்டர் சொன்னதா நானே ஏதோ ஒண்ணு கட்டிச் சொல்லிட்டிருந்தேன். உனக்குத் தெரிஞ்சா நீ தாங்கமாட்டியோன்னு பயம்." பிறகு சொன்னாள்: "இப்பதாம்மா ராத்திரி நல்லாத் தூங்கறேன். ஊசி இல்ல, தேதி எண்ணுறது இல்ல. அவரும் நானும் சாயந்தரம் ஏரிக்கரையில நடக்கறோம். நாங்க நல்லா இருக்கோம். அதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆச்சு."

"சரிம்மா" என்றேன். "சனிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க."

"நீ என்னை மன்னிச்சிட்டியா?"

"நான் எதை மன்னிக்கறது? சனிக்கிழமை வா."

போனை வைத்துவிட்டு உளுந்தில் கல் பொறுக்கினேன். கால் படிதான். ஒரு மணி நேரம் ஆனது.

செப்டம்பர் 20, வெள்ளி

பத்தரைக்கு டீச்சர் வந்தார்கள். மோர் கொடுத்தேன். கம்ப்யூட்டர் எட்டு மணியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"இடையில ஏதாவது பிரச்சினை பண்ணுச்சா சார்?"

இவர் எழுந்து நின்றார். "பண்ணுச்சு டீச்சர். மூணு வாரம் நின்னு நின்னு போச்சு. எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் மாட்டிக்கிட்டிருந்தது. நான் கவனிக்கல. என் தப்புதான். மாத்தினதுலேர்ந்து ஒன்பது நாளா நிக்கல."

டீச்சர் தலையை ஆட்டினார்கள். அந்த ஆட்டலில் ஒரு கணக்கு இருந்தது. ஃபேன் சுத்துதா என்றுகூடப் பார்க்காத மெக்கானிக் என்று நினைக்கிறார்கள், எனக்கு அப்படித்தான் பட்டது. இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பேசிவிடக்கூடாது என்றுதான் பார்க்கவில்லை.

நான் உள்ளே போய்க் கம்ப்யூட்டர் நோட்டை எடுத்து வந்து டீச்சர் கையில் கொடுத்தேன். பக்கம் பக்கமாகத் திருப்பினார்கள். "நேரம் எல்லாம் எழுதியிருக்கீங்களே, மிக்ஸி ஓடினதுகூட" என்றார்கள். பிறகு ஆகஸ்ட் 24ல் நின்றார்கள்.

"இது என்னம்மா, சிவப்பு மையில?"

பதினோராம் தேதியே அதை எழுதிவிட்டேன். இவருக்குத் தெரியாது. டீச்சர் சத்தமாகவே படித்தார்கள்: "'பின்பக்க ஃபேன் சுத்தவில்லை. குளவிக்கூடு இருந்தது. சுத்துகிறதா என்று கேட்டபோது சுத்துகிறது என்று நான் சொன்னேன். அதனால் அவர் வேறு வேறு இடத்தில் தேடினார். பிரபாவதி.'"

"பிரபா" என்றார் இவர், மெதுவாக.

"அவருக்கு இடது கண்ணு சரியாத் தெரியாதுங்க டீச்சர். நான்தான் பார்த்துச் சொல்வேன். கையை வச்சு அவர் சரியாத்தான் கண்டுபிடிச்சார். என்னை நம்பி, தன் கையைச் சந்தேகப்பட்டுட்டார்."

டீச்சர் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். "குளவிக்கூட்டை உடைக்க மனசு வரலியா?"

"அதுவும்தான்" என்றேன். மற்றது அவர்களுக்குத் தேவையில்லை.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். "எங்க ஸ்கூல் ஸ்டாக் ரெஜிஸ்டரைப் பார்த்தா எல்லாமே நல்ல நிலையில இருக்கும். ரூமைத் திறந்தாத்தான் தெரியும் லட்சணம்." மோரைக் குடித்து முடித்தார்கள். "நாலும் தரமாட்டேன் சார். ஒன்பது நாள்தான் ஓடியிருக்கு, பேசினபடி ஒரு மாசம் இல்ல. ரெண்டு தரேன். அது ஓடினா மீதி ரெண்டு. ஆனா ஒவ்வொரு பெட்டியோடும் இந்த மாதிரி ஒரு நோட்டு வரணும். சிவப்பு மை உள்பட."

"வரும் டீச்சர்" என்றார் இவர்.

அவர்கள் போன பிறகு, "ஏன் எழுதினே? நான்தான் சமாளிச்சிட்டேனே" என்றார்.

"நீங்க சமாளிச்சது உங்களுக்கு நல்லதில்ல" என்றேன்.

உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து, கழற்றிப் போட்டிருந்த மூடிகளை எல்லாம் துடைத்து அடுக்குகிற சத்தம் கேட்டது. புதுப் பெட்டிகளுக்கு இடம் பண்ணுகிறார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மதியும் மாப்பிள்ளையும் நேற்று வந்தார்கள். மதி கொஞ்சம் சதை பிடித்திருக்கிறாள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நினைக்கவும் இல்லை. தூக்கம்தான் காரணம். காலையில் மாப்பிள்ளையும் இவரும் ஆட்டோவில் போய், டீச்சர் பள்ளியைத் திறந்துவிட, இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள்.

ஒன்றைத் திறந்தோம், வெறும் தூசுதான். இரண்டாவதைத் திறந்து இவர் கண்ணாடியைச் சரிபண்ணிக் குனிந்தார். மூலையில் ஏதோ வெள்ளையாக இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னன்னு பார்த்துச் சொல்லு பிரபா."

டார்ச் அடித்துப் பார்த்தேன். மதியும் என் தோளில் தாடையை வைத்து எட்டிப் பார்த்தாள்.

"பல்லி முட்டைங்க. ரெண்டு. மதர்போர்டுக்கு அடியில ஒட்டியிருக்குது. ஓடு முழுசா இருக்குது, பொரியல."

"அசைக்காம எடுக்க முடியுமா?"

"முடியாதுங்க. உடைஞ்சிடும்."

"இதுக்குக் கிருஷ்ணவேணி அத்தை என்ன பலன் சொல்வாங்களோ" என்று மதி காதருகே சொன்னாள். நான் அவள் கையில் ஒரு அடி வைத்தேன். அவள் சிரித்தாள். நானும்.

இவர் மூடியை ஓசைப்படாமல் பழையபடி வைத்து, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, அலமாரிக்கு அடியில் வெயில் படாத மூலையில் வைத்தார். இந்தத் தடவை கண்ணாடியை மாற்றிப் போட்டு அவரே பார்க்கவில்லை. "அப்ப இதை ரெண்டாவதாப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு முதல் பெட்டிக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

புது நோட்டில் கட்டம் கட்டி எழுதினேன்: இரண்டாம் பெட்டி. வந்த தேதி செப்டம்பர் 22. உள்ளே பல்லி முட்டை இரண்டு. பார்த்தவர் பிரபாவதி. வேலை தொடங்கும் தேதி: முட்டை பொரிந்த பிறகு.